மருந்தின் ‘பலம்’: தாதிய மாணவருக்குச் சில திருத்தங்கள்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் மருந்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதன் பலத்தைப் பற்றியதாகவே இருப்பதால், ஊசி பலமானது, குளிசை பலங்குறைந்தது என்னும் நம்பிக்கை நோயாளரோடு வைத்தியசாலை விடுதிக்குள்ளும் வந்து, சில வேளைகளில் தாதிய மாணவரின் மனத்திலும் தங்கிவிடுகிறது. உண்மையில், மருந்து செல்லும் வழி தீர்மானிப்பது, கொடுத்த அளவில் எத்தனை பங்கு எவ்வளவு விரைவாக இரத்தத்தை அடைகிறது என்பதையே. அந்தப் பங்கை மருந்தியலார் உயிர்க்கிடைப்பு என்பர். விழுங்கிய மெட்ரோனிடசோல் குளிசையின் ஏறத்தாழ முழு அளவும் குடலிலிருந்து உறிஞ்சப்படுவதால், விழுங்கக்கூடிய நோயாளருக்கு அதை நாளத்தில் ஏற்றுவதால் பெரிய நன்மை எதுவுமில்லை. இன்சுலின் ஊசியாகக் கொடுக்கப்படுவது, புரதமான அது குடலில் செரித்து அழிந்துவிடும் என்பதால். நெஞ்சுவலிக்கான கிளிசரில் டிரைநைட்ரேட்டை விழுங்கினால், குடலிலிருந்து செல்லும் இரத்தம் முதலில் ஈரலைக் கடக்கும்போதே அதன் பெரும்பகுதி சிதைக்கப்பட்டுவிடும் என்பதால்தான், ‘முதற்கடப்புச் சிதைவு’ எனப்படும் அந்த இழப்பைத் தவிர்க்க, அது நாக்கின் கீழ் வைக்கப்படுகிறது. தேவையில்லாத ஊசியோ நரம்புக் காயம், சீழ்க்கட்டி போன்ற ஆபத்துகளைக் கொண்டுவருவதோடு, செலுத்தியபின் திரும்ப எடுக்க முடியாததுமாகும்.

விலை கூடிய பெட்டியில் வருவதே வீரியமானது என்னும் எண்ணத்துக்கு இலங்கையில் நெடுங்காலத்துக்கு முன்பே பதில் சொல்லப்பட்டுவிட்டது: 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலே, மருந்துகளை வணிகப் பெயரால் அன்றி மூலப்பெயரால் வாங்கவும் எழுதவும் வேண்டும் என்பதையே கொள்கையாக்கினார்.

எலிக்காய்ச்சல் பரவும் காலத்தில், சேற்றில் இறங்கி வேளாண்மை செய்வோருக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் வழங்கப்படுவதுண்டு. அது ‘சூடான’ மருந்து, தயிரோடு எடுத்தால் தணியும் என்று எண்ணுவது, எருமைத் தயிருக்குப் பெயர்பெற்ற இந்த மாவட்டத்தில் இயல்பே எனினும், தயிரிலும் பாலிலும் உள்ள கல்சியம் குடலில் அம்மருந்தைப் பற்றிக்கொண்டு உறிஞ்சப்படும் அளவைக் குறைக்கிறது. இரும்புச்சத்துக் குளிசையும் அமிலநீக்கியும் இதை இன்னும் கூடுதலாகச் செய்கின்றன. மக்கள் ‘சூடு’ என்று சொல்லும் எரிவு பெரும்பாலும் உண்மையானதுதான், ஏனெனில் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்ட டொக்சிசைக்கிளின் அங்கே புண்ணை உண்டாக்கவல்லது. ஆகவே, சோறு சாப்பிட்டபின் ஒரு குவளை தண்ணீருடன் விழுங்கி, அரை மணிநேரமாவது படுக்காமல் இருக்கும்படி சொல்வதே பொருத்தமான ஆலோசனை.

இவை யாவற்றிலும் உயிருக்கு நேரடியாக ஆபத்தானது, சிறிய உடலுக்கு எப்போதும் சிறிய அளவே போதும் என்னும் நம்பிக்கை; பெரும்பாலான மருந்துகளுக்கு இது சரியாக இருப்பதே இதன் அபாயம். பாம்பு கடிக்கும்போது குழந்தை என்று பார்த்து நஞ்சைக் குறைத்துச் செலுத்துவதில்லை. சிறிய உடலில் அதே நஞ்சு இன்னும் செறிவாகப் பரவுகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகக் குதிரையின் உடலில் உருவான எதிர்ப்பொருள்களைக் கொண்ட, இந்தியாவிலிருந்து வரும் நஞ்சுமுறி மருந்து வினைபுரிவது உடலின் கலங்களோடு அன்று, நஞ்சோடு என்பதால், அதன் அளவு நஞ்சைப் பொறுத்ததே அன்றி உடல் எடையைப் பொறுத்ததன்று. எனவே, வளர்ந்தவருக்குப் பத்துக் குப்பிகள் தொடக்க அளவானால் குழந்தைக்கும் பத்தே. கலக்கும் திரவத்தின் அளவு மட்டும் குழந்தைக்கேற்பக் குறைக்கப்படும். உலர்தூளாக உள்ள அந்த மருந்தைக் குலுக்கினால் நுரைத்துவிடும் என்பதால், குப்பியை மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும். அதைத் தொடங்குமுன் ஒவ்வாமையைத் தடுப்பதற்காகத் தோலடியில் செலுத்தப்படும் சிறு அளவு அட்ரினலின், 2011இல் வெளியான இலங்கை ஆய்வில் கடும் எதிர்விளைவுகளைக் குறைப்பதாகக் கண்டறியப்பட்டது. அது உடலின் இதயத்தின் மீதும் குருதிக்குழாய்களின் மீதும் வினைபுரியும் மருந்து என்பதால், அதே குழந்தைக்கு, அதே கட்டிலருகே, எடையைக் கணக்கிட்டே அளக்கப்படுகிறது.