அப்பா ஜெர்மனிக்கு வருகிறார். பட்டாளத்துப் பென்ஷன் என்னவாகும்?

ஜெர்மனியில் திறன் பணியாளருக்கான வசிப்பு அனுமதியோ ப்ளூ கார்டோ 2024 மார்ச் 1-க்குப் பிறகு முதன்முதலாகப் பெற்றவர்கள் பெற்றோரை அழைத்து வந்து கூடவே வைத்துக்கொள்ள இப்போது சட்டத்தில் இடமிருக்கிறது. செலவுக்கு வருமானம், மருத்துவக் காப்பீடு என்று நிபந்தனைகள் கடுமைதான். ஆனாலும் மூன்று மாத விசாவில் வந்துபோன அப்பாக்கள் பலர் தங்கிவிடும் யோசனையில் இருக்கிறார்கள். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உள்ள ஊர்களிலிருந்து வருபவர்களும் இதில் உண்டு. அவர்கள் முதலில் கேட்பது, “வெளிநாட்டில் குடியிருந்தால் பென்ஷனுக்குத் தகுதி போய்விடுமா?” என்பதுதான்.

போகாது. பதினைந்து வருடம் சேவை முடித்து வந்த ஜவானின் பென்ஷன், அவர் சென்னையில் இருந்தாலும் மியூனிக்கில் இருந்தாலும் அவருடையதே. மாறியிருப்பது தகுதி அல்ல, வழங்கும் முறை. முன்பு ஊர் வங்கிக் கிளையில் மேனேஜருக்கு அப்பாவின் முகம் தெரியும். நவம்பரில் போய்க் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. இப்போது பென்ஷன் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறை அலுவலகத்திலிருந்து ‘ஸ்பர்ஷ்’ என்ற இணைய முறை வழியாக நேரடியாகக் கணக்கில் ஏறுகிறது. பழைய பென்ஷன்தாரர்களையும் வங்கியிலிருந்து அதற்கு மாற்றியாகிவிட்டது. ஸ்பர்ஷுக்கு முகம் தெரியாது, பதிவேட்டில் இருப்பது மட்டுமே தெரியும்.

ஆண்டுதோறும் உயிரோடு இருப்பதைக் காட்டும் லைஃப் சர்டிபிகேட்டில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். கைபேசியில் ஜீவன் பிரமான் செயலி, கூடவே ஆதாரின் முக அடையாளச் செயலி, இரண்டும் வேண்டும். அதில் பென்ஷன் வழங்கும் அமைப்பு எது என்று ஒரு கேள்வி வரும். பழக்கதோஷத்தில் பழைய வங்கியின் பெயரைத் தட்டிவிடுகிறார்கள். செயலி மறுப்பதில்லை, பிரமான் எண்ணும் கொடுத்துவிடும். சான்று மட்டும் வங்கிக்குப் போய் அங்கேயே கிடக்கும். சில மாதம் கழித்துப் பென்ஷன் நின்றபிறகுதான் விஷயமே தெரியும். அந்தக் கட்டத்தில் ‘ஸ்பர்ஷ் – பிசிடிஏ பென்ஷன்ஸ் அலகாபாத்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊர் பெயர் பிரயாக்ராஜ் ஆனாலும் பட்டியலில் பழைய பெயர்தான். சான்றை எந்த மாதம் புதுப்பிக்க வேண்டும் என்பதை ஸ்பர்ஷ் கணக்கில் நுழைந்து பாருங்கள். எல்லோருக்கும் நவம்பர் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். எனவே அப்பாவின் சிம்மை ரோமிங்கோடு உயிரோடு வைத்திருங்கள்; ரீசார்ஜ் செய்யாமல் எண் வேறொருவர் கைக்குப் போய்விட்டால் ஜெர்மனியிலிருந்து அதை மீட்பது பெரும்பாடு. விமானம் ஏறும் முன் ஒருமுறை ஊரிலேயே முக அடையாளத்தைச் செய்து பார்த்துவிடுவது நல்லது. கண் அறுவைச் சிகிச்சை, பார்கின்சன் நடுக்கம் என்று செயலி ஒத்துவராதவர்கள் பெர்லின் தூதரகத்திலோ, ஃபிராங்க்ஃபர்ட், மியூனிக், ஹாம்பர்க் துணைத் தூதரகங்களிலோ நேரில் போய்ச் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம். பென்ஷன் நின்றுவிட்டால் பதற வேண்டாம். நிறுத்தம் வேறு, ரத்து வேறு. சான்று ஏறியதும் நிலுவையோடு வந்துவிடும்.

எண்பது வயதில் விதி மாறுமே என்று சிலர் பயப்படுகிறார்கள். மாறுவது உண்மை, ஆனால் நல்லதற்கு. 80 நிரம்பினால் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடுதல். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் 100 சதவீதம். குடும்பப் பென்ஷன் வாங்கும் விதவைகளுக்கும் இது உண்டு. கோளாறு வருவதும் அவர்களுக்குத்தான். அந்தக் காலத்துப் பென்ஷன் வழங்கல் ஆணைகளில் (பி.பி.ஓ.) மனைவியின் பிறந்த தேதியே இருக்காது. இருந்தால் ஆதாரில் வேறு தேதி. பி.பி.ஓ.வில் ‘சரஸ்வதி’, ஆதாரில் ‘சரஸ்வதி அம்மாள்’. அம்மாவுக்கு எண்பது ஆனது கணினிக்கு எப்படித் தெரியும்?

என்னைக் கேட்டால், இந்த ஒரு வேலைக்காகவே பயணத்தைத் தள்ளிப்போடலாம். டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ., ஆதார் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து அம்மாவின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலம் அப்பாவுடைய ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்களுக்குப் பெங்களூரு. அப்பா இருக்கும்போது அவர் கையெழுத்தில் முடிகிற காரியம், அவருக்குப் பின் அம்மாவை அபிடவிட்டோடு அலைய வைக்கும்.

பென்ஷன் தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்’ திருத்தம் 2014, 2019, 2024 ஜூலை 1 தேதிகளில் அமலானது. அதற்கு மனு எதுவும் வேண்டாம். 2023 செப்டம்பரில் வந்த ஊனப் பென்ஷன் விதிகள், அதற்கு முன்பே ஓய்வுபெற்றவர்களைத் தொடாது.

நிரந்தரமாகத் தங்குவதென்றால் சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். கணக்கு எண் மாறினால் ஸ்பர்ஷிலும் மாற்றுங்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் இ.சி.எச்.எஸ். அட்டை ஜெர்மன் ஆஸ்பத்திரியில் செல்லாது. அதை நம்பிக் காப்பீடு எடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அப்பா அங்கே காலமானால், உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் பன்மொழிப் படிவத்தில் இறப்புச் சான்று கேட்டு வாங்குங்கள். ஜெர்மன் மொழியில் மட்டும் உள்ளதை மொழிபெயர்க்கும் அலைச்சல் மிச்சம். உடனே ஸ்பர்ஷில் தெரிவியுங்கள். இறந்த பின் கணக்கில் ஏறும் பென்ஷனைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள், அதைச் செலவழிக்க வேண்டாம். 67 வயதைத் தாண்டியவர் மறைந்தால் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் 30 சதவீத வீதத்தில் கிடைக்கும். அகவிலைப்படி சேர்க்காமலே குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய். அது தடையில்லாமல் வர, அம்மாவின் பெயர் திருத்தத்தை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.