முதலில் எந்தக் காகிதம்?

கேள்வி: பத்து நாள் முன்பு அக்காவின் கணவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அக்கா யாரிடமும் பேசுவதில்லை. போலீஸ், சான்றிதழ், இன்ஷூரன்ஸ்... எதில் தொடங்குவது?
– வாசகி, திருச்சி

பதில்: இத்தகைய மரணங்களில் போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் சட்டப்படி நடப்பவை. யார் மீதோ சந்தேகம் என்று அதற்குப் பொருளில்லை. எஃப்.ஐ.ஆர்., பரிசோதனை அறிக்கை இரண்டின் நகல்களையும் கேட்டு வாங்குங்கள். இன்ஷூரன்ஸுக்கு அவை வேண்டும்.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. சான்றிதழில் பல பிரதிகள் எடுத்துவையுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க அதுதான் அடிப்படை.

'தற்கொலை என்றால் பாலிசிப் பணம் வராது' என்று சொல்வார்கள். நம்ப வேண்டாம். ஆயுள் காப்பீடு எடுத்து 12 மாதம் கடந்திருந்தால், அந்தக் காரணத்துக்காக மட்டும் மறுக்க முடியாது.

அலைச்சலை நீங்களோ ஒரு பெரியவரோ ஏற்றுக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு மட்டும் அக்கா போதும். துக்கம் கேட்க வருபவர்கள் காரணம் துருவினால், "இப்போது பேசும் நிலையில் இல்லை" என்று நீங்களே வாசலில் சொல்லிவிடுங்கள். குழந்தைகள் இருந்தால் வயதுக்கேற்ற உண்மையை வீட்டாரே சொல்வது நல்லது.

அக்கா சாப்பிடாமல், தூங்காமல் இருந்தாலோ, 'நானும் போய்விடுகிறேன்' என்றாலோ தனியே விடாதீர்கள்; உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 104, 14416 எண்களில் மனநல ஆலோசனை இலவசம். நீங்களும் பேசலாம், துக்கம் உங்களுக்கும்தானே!