இரண்டும் ஒன்றா? செய்நிரலில் வேற்றுமை காணல்



சிறுவர் பக்கங்களில் வரும் "வித்தியாசங்களைக் கண்டுபிடியுங்கள்" படங்களை நாம் எல்லோரும் ரசித்திருக்கிறோம். அதே வேலையைக் கணினியிடம் ஒப்படைப்பது எப்படி? நான் செய்த ஒரு பிழைதான் இதை எனக்குக் கற்றுத் தந்தது.

தவணைப் பரீட்சை முடிந்ததும் வகுப்பின் புள்ளிகளைக் கணினியில் பதியும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. திருத்தங்கள் வந்தால் யாருடைய தேர்ச்சி அறிக்கை மாற வேண்டும் என்பதைக் காட்டுவதற்குப் பைதன் மொழியில் ஒரு செய்நிரலும் எழுதினேன். தோழி ஒருத்தியின் கணிதப் புள்ளி 85. அதை நான் 58 எனப் பதிந்திருந்தேன். ஆசிரியை சுட்டிக்காட்டியதும் திருத்திவிட்டுச் செய்நிரலை இயக்கினேன். "மாற்றம் எதுவும் இல்லை" என்றது! அதை நம்பியிருந்தால் 58 என்ற அறிக்கையே அவளது வீட்டுக்குப் போயிருக்கும்.

ஒரே பொருளா, ஒத்த பொருளா?

செய்நிரலாக்கத்தில் 'பொருள்' என்பது தொடர்புள்ள தரவுகளை ஒன்றாகக் கட்டி நினைவகத்தில் வைத்த ஒரு பொதி. திருத்துவதற்கு முன் பழைய பட்டியலைப் பாதுகாக்க எண்ணி நான் எழுதிய வரி இது:

பிரதி = மூலம்

இது பிரதி எடுக்கவில்லை. ஒரே பொருளுக்கு இன்னொரு பெயரை மட்டுமே சூட்டியது. வீட்டில் என்னை "மகள்" என்கிறார்கள், பாடசாலையில் பெயர் சொல்லி அழைக்கிறார்கள், ஆள் ஒருத்திதானே! மூலத்தைத் திருத்தியபோது 'பிரதி'யும் மாறிவிட்டது. ஒரு பொருளை அதனுடனேயே ஒப்பிட்டால் வேற்றுமை எப்படித் தெரியும்?

உண்மையான பிரதி என்பது என்னிடமும் தோழியிடமும் உள்ள பாடநூல்களைப் போன்றது. உள்ளடக்கம் ஒன்று, நூல்கள் இரண்டு. என் நூலில் கோடிட்டால் அவளுடையதில் அது விழாது. பைதனில் == என்பது உள்ளடக்கம் ஒத்ததா என்று கேட்கும். 'இஸ்' என்னும் சொல், இரு பெயர்களும் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றனவா என்று கேட்கும்.

பொதிக்குள் பொதி

அடுத்து 'கொப்பி' கட்டளையைப் பயன்படுத்தினேன். மீண்டும் அதே பதில்! வகுப்புப் பட்டியல் ஒரு பெரிய பொதி. அதற்குள் ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு சிறு பொதி. 'கொப்பி' வெளிப்பொதியை மட்டுமே புதிதாக ஆக்கியது. உள்ளே இருந்தவை பழைய பொதிகளே. உள்ளே உள்ளவற்றையும் புதிதாக்கும் 'டீப்கொப்பி'யைப் பயன்படுத்திய பின்னரே 58உம் 85உம் எதிரெதிரே தெரிந்தன.

வேற்றுமை எங்கே?

"வேறுபடுகிறது" என்று மட்டும் தெரிந்தால் போதாது. எது என்று தெரிய வேண்டும். அதற்கு மூன்று கேள்விகள்:

1. பழையதில் இருந்து புதியதில் இல்லாதது எது? (நீக்கப்பட்டது)
2. புதியதில் மட்டும் இருப்பது எது? (சேர்க்கப்பட்டது)
3. இரண்டிலும் இருந்தும் பெறுமானம் வேறுபட்டது எது? (மாறியது)

ஒரு பெறுமானமே இன்னொரு பொதியாக இருந்தால், அதற்குள் நுழைந்து இதே மூன்று கேள்விகளையும் மீண்டும் கேட்க வேண்டும்.

மொத்தப் புள்ளியை மட்டும் ஒப்பிட்டால் என்ன என்று கேட்கலாம். தமிழில் 5 கூடி வரலாற்றில் 5 குறைந்தால் மொத்தம் மாறாது. இரண்டு திருத்தங்களும் மறைந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத வேற்றுமை

சில வேளைகளில் நமக்கு ஒன்றாகத் தெரிபவை கணினிக்கு வேறாகின்றன. 85 என்ற எண்ணும் மேற்கோள் குறிக்குள் இட்ட "85" என்ற எழுத்துத் தொடரும் அதற்குச் சமமல்ல. நமது தமிழிலும் இந்தச் சிக்கல் உண்டு. "கொழும்பு" என்பதன் முதல் எழுத்தில் வரும் 'ொ' குறியை யூனிகோட்டில் ஒரே குறியீடாகவும் பதியலாம். 'ெ', 'ா' என இரு குறியீடுகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் == "இல்லை" என்னும். ஆகவே ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டும். இதற்கு 'இயல்பாக்கம்' என்று பெயர்.

நான் கற்ற பாடம்

இப்போது எந்த ஒப்பீட்டுச் செய்நிரலை எழுதினாலும், முதலில் வேண்டுமென்றே ஒரு புள்ளியை மாற்றிப் பார்க்கிறேன். அதைப் பிடித்துக் காட்டினால்தான், "மாற்றம் எதுவும் இல்லை" என்று அது சொல்லும்போது நம்புகிறேன். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வோர் இலக்கமும் ஒரு தோழியின் உழைப்பல்லவா?

நீங்களும் செய்து பாருங்கள்: மூன்று பாடங்களின் புள்ளிகளோடு இரு பொதிகளை ஆக்குங்கள். ஒரு பாடத்தை நீக்கி, ஒன்றைச் சேர்த்து, ஒன்றின் புள்ளியை மாற்றுங்கள். உங்கள் செய்நிரல் மூன்றையும் தனித்தனியே சொல்கிறதா?