கணினி விட்டுக் கணினி பாயும் எழுத்து

முன்னுரை

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. கணினியில் போடும் எழுத்துக்கும் அது பொருந்தும் என்பதை எங்கள் வீட்டில் ஒரு விடுமுறையில் பட்டறிந்தோம்.

கூடலூரில் இருக்கும் எங்கள் அப்பத்தா இளமையில் நாற்று நடவுக்குப் போனவர். அன்று வயலில் பாடிய பாட்டுகளில் மூன்று மட்டும் அவர் நினைவில் நின்றன. வெளியூரில் வேலை பார்க்கும் அக்கா, அவற்றில் இரண்டைக் கேட்டுத் தம் மடிக்கணினியில் எழுதி அனுப்பினார். வீட்டிலிருந்த பழைய கணினி வேறு வகையைச் சேர்ந்தது. அதில் திறந்தபோது வரிகளெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே நீளமாய்க் கிடந்தன. தம்பி பொறுமையாக உட்கார்ந்து வரி பிரித்தான். மூன்றாவது பாட்டையும் அப்பத்தா சொல்லச் சொல்ல அதன் கீழே சேர்த்தான். சேமிக்கும்போது கணினி ஏதோ எச்சரித்தது. அவன் படித்துப் பார்க்காமல் சரியென்று அழுத்திவிட்டான். மறுநாள் திறந்தால் பாட்டு இருந்த இடமெல்லாம் வினாக்குறிகள்!

இவ்வாறு ஏன் நேர்ந்தது? நேராமல் காப்பது எப்படி? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்போம்.

எழுத்துக்குப் பின்னே எண்

எழுத்தின் பருமன், நிறம், அலங்காரம் எதுவுமின்றி எழுத்துகளை மட்டும் கொண்ட கோப்பே எளிய உரைக் கோப்பு ஆகும். விண்டோஸ் கணினியானாலும் மேக் கணினியானாலும் இதைத் திறக்கலாம். ஆயினும் கணினி எழுத்தை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை. எண்களாகவே வைத்துக்கொள்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு.

போடிநாயக்கனூரில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தை நம்மில் பலர் அறிவோம். ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு லாட் நம்பர் உண்டு. நம்பரைப் பட்டியலோடு ஒப்பிட்டால்தான் காய் யாருடையது என்று தெரியும். இன்றைய நம்பருக்கு நேற்றைய பட்டியலைப் பார்த்தால் ஒருவருடைய காய் இன்னொருவர் பெயரில் போய்விடும். எழுத்துக் கோப்புகளிலும் நடப்பது இதுவே.

வரி ஏன் ஒட்டிக்கொண்டது?

தட்டச்சுப் பயிலகம் சென்ற அம்மாக்களுக்கு இது எளிதில் விளங்கும். தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்ததும் இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். தாள் தாங்கிய வண்டி வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். உருளை சுழன்று தாள் ஒரு வரி மேலேறவும் வேண்டும். தந்தி வழியே இயங்கிய தொலைதட்டச்சுப் பொறிகளில் இவ்விரண்டும் தனித்தனிக் கட்டளைகளாக இருந்தன. 1963ஆம் ஆண்டில் வந்த ஆஸ்கி என்னும் அமெரிக்கப் பட்டியலில் வண்டி திரும்புவதற்கு 13, தாள் ஏறுவதற்கு 10 என எண்கள் அமைந்தன.

விண்டோஸ் இரண்டையும் சேர்த்து, வரிக்கு வரி 13, 10 என்று எழுதுகிறது. பழைய மேக் கணினிகள் 13 மட்டும் எழுதின. 2001இல் மேக் ஓ.எஸ். டென் வெளிவந்தபோது, யூனிக்ஸ் வழக்கப்படி 10 மட்டும் எழுதும் முறை வந்தது. விண்டோஸின் நோட்பேட் 2018 வரையில் இரண்டு எண்களும் சேர்ந்து வந்தால்தான் வரி முடிந்ததாகக் கொண்டது. மேக்கிலிருந்து வந்த கோப்பு அதில் ஒரே வரியாகத் தெரிந்தது இதனால்தான். எழுத்து எதுவும் கெடவில்லை. வரி முடியும் குறியை மட்டுமே அது அறியவில்லை.

எழுத்து ஏன் மாறுகிறது?

ஆஸ்கிப் பட்டியலில் 0 முதல் 127 வரை 128 இடங்களே உண்டு. ஆங்கிலத்துக்கு அவை போதும். அதற்கு மேல் 255 வரையுள்ள இடங்களை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி நிரப்பியது. பிரெஞ்சு மொழியில் தலைமேல் சாய்கோடு இட்ட 'இ' எழுத்துக்குப் பழைய மேக் பட்டியலில் எண் 142. விண்டோஸின் மேற்கத்தியப் பட்டியலில் 233. ஆகவே ஒன்றில் எழுதியது மற்றொன்றில் வேறெழுத்தாகத் தெரிந்தது.

பிரெஞ்சுக்கே இக்கதி என்றால் தமிழுக்குக் கேட்க வேண்டுமா! எழுத்துருவுக்கு ஒரு பட்டியல் என்று தமிழ் பல காலம் சிதறிக் கிடந்தது. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்குத் தக்க சான்றாகும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முதலானோர் உலகெங்குமுள்ள தமிழன்பர்களைத் திரட்டி, பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றினர். முதலில் இணைமதி, மயிலை போன்ற எழுத்துருக்களிலும், பின்னர் திஸ்கி என்னும் பொது முறையிலும், அதன்பின் யூனிகோடு முறையிலும் நூல்கள் வந்தன. ஏற்றிய நூலையே மீண்டும் மீண்டும் மாற்றி அமைக்கும் உழைப்பு எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்னும் பட்டியல்களை ஏற்றது. 2010இல் யூனிகோடு முறையைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே பட்டியலாகிய யூனிகோடு 1991இல் வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன.

அந்த எண்களைக் கோப்பில் எழுதப் பெரிதும் வழங்கும் முறை யூ.டி.எஃப்.-8. இதை 1992இல் கென் தாம்சன், ராப் பைக் என்னும் இருவர் அமைத்தனர். இதில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் ஆகும். 'த' என்பது 224, 174, 164 என்னும் மூன்று எண்களாக எழுதப்படும். இம்மூன்றையும் பழைய மேற்கத்தியப் பட்டியலில் பார்க்கும் கணினி, நமக்குப் புரியாத மூன்று குறிகளைக் காட்டும்.

வீட்டில் செய்து பாருங்கள்: நோட்பேடில் கம்பம் என்று ஒரு வரியும் தேனி என்று ஒரு வரியும் எழுதி, ஒவ்வொரு வரிக்குப் பின்னும் என்டர் தட்டுங்கள். கம்பத்துக்கு 6 குறிகள், 18 பைட். தேனிக்கு 4 குறிகள், 12 பைட். விண்டோஸில் வரி முடிவுகளுக்கு 4 சேர்த்து மொத்தம் 34 வரும். மேக்கில் 2 சேர்த்து 32தான் வரும். பழைய நோட்பேடாக இருந்தால் கோப்பின் தலையில் 3 பைட் அடையாளக் குறியும் கூடும்.

கைக்கொள்ள வேண்டியவை

1. சேமிக்கும்போது யூ.டி.எஃப்.-8 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2019 முதல் விண்டோஸ் 10 நோட்பேட் தானாகவே இம்முறையைக் கொள்கிறது. பழைய நோட்பேடில் 'ஆன்சி' என்று இருப்பதை நாம்தான் மாற்ற வேண்டும்.

2. மேக் கணினியின் டெக்ஸ்ட்எடிட் வழக்கமாக அலங்காரக் கோப்பாகவே சேமிக்கும். 'ஃபார்மட்' பட்டியலில் 'மேக் ப்ளெயின் டெக்ஸ்ட்' என்பதை முதலில் அழுத்த வேண்டும்.

3. எழுத்து புரியாமல் தெரிந்தால் சேமிக்காமல் மூடிவிட வேண்டும். உள்ளே எண்கள் பத்திரமாகவே இருக்கும். சரியான பட்டியலைத் தேர்ந்து மீண்டும் திறந்தால் எழுத்து திரும்பிவிடும்.

4. முதற்படியை எப்போதும் தனியே வைத்திருக்க வேண்டும்.

முடிவுரை

தம்பி செய்த பிழை இப்போது விளங்கும். ஆன்சிப் பட்டியலில் தமிழுக்கு இடமில்லை. கணினி ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் பதிலாக வினாக்குறியின் எண்ணாகிய 63ஐ எழுதிவிட்டது. தவறாகத் தெரியும் எழுத்தை மீட்கலாம். எண்ணே அழிந்த எழுத்தை மீட்க வழியில்லை.

அக்காவிடம் முதற்படி இருந்ததால் இரண்டு பாட்டுகள் தப்பின. மூன்றாவதை அப்பத்தா மறுபடியும் பாடினார். நடுவே சில அடிகள் வரவில்லை. "முந்தாநாள் வந்துச்சேத்தா" என்று நெற்றியைத் தடவிக்கொண்டார். அந்த அடிகள் இன்றுவரை வரவில்லை.

மாணவிகளே! உங்கள் வீட்டிலும் முதியோர் இருப்பர். அவர்கள் சொல்லும் கதையையும் பாட்டையும் இன்றே எழுதி வையுங்கள். எழுதியதைச் சேமிக்குமுன், கணினி சொல்லும் எச்சரிக்கையை ஒரு முறை நின்று படியுங்கள்.