வாழவந்தி நாட்டு இளம் ஓவியருக்கு



ஆடி மாதத்து வல்வில் ஓரி விழாவை முன்னிட்டு உங்கள் கொல்லிமலை முன்னோரின் உருவங்களைச் சுவரில் தீட்ட முனைந்திருப்பதாகவும், அவர்கள் உடுத்தியது இன்னதென்று அறிய ஆங்கிலேயர் காலத்துப் படங்களைத் தேடி வருவதாகவும் நீ எழுதிய கடிதம் கண்டு பெருமகிழ்ச்சி அடைந்தேன். தேடு, ஆனால் கண்டதைக் கண்டபடியே சுவரில் ஏற்றிவிடாதே. பார்த்தவருக்கும் பார்க்கப்பட்டவருக்கும் இருந்த உறவுதான் அப்படங்களில் முதலில் தெரிவது. அந்த உறவைக் கழித்துப் பார்த்தால்தான் உடை புலப்படும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தஞ்சாவூர்ச் சித்திரக்காரர்கள் கிழக்கிந்தியக் கும்பினி உத்தியோகஸ்தர்களுக்கு வரைந்து கொடுத்த ஏடுகளை எடுத்துக்கொள். ஒவ்வொரு ஜாதிக்கும் ஓர் ஆண், ஒரு பெண், கையில் ஒரு தொழிற்கருவி, பின்னால் பெரும்பாலும் வெறும் வெளி. சேலைக் கரையின் அகலத்தையும் கொசுவத்தின் போக்கையும் காதணியின் வளைவையும் அந்தக் கைகள் தீட்டியிருக்கும் நேர்த்தியை எத்தனை முறை கண்டாலும் என் மனம் வணங்குகிறது. ஆயினும் ஒரு ஜாதிக்கு ஓர் உடை என்ற நியதி வாங்குகிறவரின் சௌகரியத்திற்காக எழுந்தது. களை எடுக்கப் போகும் நாளும் கலியாணத்திற்குப் போகும் நாளும் ஒன்றாகிவிட்ட ஓர் உலகம் அந்த ஏட்டில் உண்டு. எந்த ஊரிலும் இல்லை.

பின்னர்ப் புகைப்படம் வந்தது. 1868 முதல் 1875 வரை, இந்திய மக்களைப் பற்றி எட்டுத் தொகுதிகளைப் படங்களுடன் வெளியிட்ட இருவரில் ஒருவரான ஃபோர்ப்ஸ் வாட்சன், அதற்கு முன்பே 1866-இல் இந்நாட்டுத் துணிகளின் 700 மாதிரிகளைத் துண்டுகளாக வெட்டிப் பதினெட்டுத் தொகுதிகளில் ஒட்டி வைத்தவர். இங்கே எது உடுக்கப்படுகிறது என்பதை இங்கிலாந்து ஆலைக்காரர்கள் அறிந்து, அவ்வாறே நெய்து விற்க வேண்டும் என்பது அத்தொகுப்பின் பிரதான நோக்கம். முகங்களைச் சேர்த்தவரும் துணிகளைச் சேர்த்தவரும் ஒருவரே என்பதை மறவாமல் அப்படங்களைப் பார்.

உங்கள் மலையாளிப் பழங்குடி இனத்தாரைப் பற்றி எழுதியவர்களில் முக்கியமானவர், சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன். 1899-இல் அவர் ஆராய்ந்து எழுதியது சேர்வராயன் மலையாளிகளைக் குறித்து. தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909-இல் வெளிவந்தன. தலையையும் மூக்கையும் அளந்து மக்களை வகுத்தவர் அவர். தலைப்பாகையையும் பழுப்புக் கம்பளியையும் அவர் குறித்திருப்பது உனக்குப் பயன்படும்; எனினும் சேர்வராயன் மலைக்காரர் கோலத்தைக் கொல்லிமலைக்காரர்மேல் விசாரியாமல் போர்த்தலாகாது.

ஓவியன் என்ற முறையில் நீ மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய விஷயம் நிறம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வழங்கிய கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு எளிதில் இணங்கின. சிவப்பையும் மஞ்சளையும் அநேகமாக உணரவே இல்லை. ஆகவே, சாயவேரில் தோய்த்த செஞ்சேலை படத்தில் ஏறக்குறையக் கறுப்பாகவும், அவுரிச் சாயமிட்ட துணி வெளிறியும், மஞ்சள் பூசிய முகம் உள்ளதைவிடக் கருத்தும் காணப்படும்போது, அக்காலத்துப் பெண்கள் கறுப்பு உடுத்தினார்கள் என்று அனுமானித்துவிட்டால் சுவர் முழுவதும் பொய்யாகிவிடும். தகட்டில் உருவம் பதியச் சில விநாடிகள் பிடித்தமையால், தலை அசையாதிருக்கப் பின்னால் இரும்புத் தாங்கி வைப்பதும் உண்டு. அந்த விறைப்பை அவர்களுடைய சுபாவமென்று கொண்டு உன் தூரிகை இறுகிவிட வேண்டாம்.

பெண்களின் உடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பல்லாண்டு அடியுண்டு போராடி, 1859-இல் அரச பிரகடனத்தால் உரிமை பெற்றார்கள். அதுவும் உயர் ஜாதியார் அணிவதுபோல் அணியலாகாது என்ற நிபந்தனையோடு. அங்கே மூடாத தோள் அதிகாரத்தின் கட்டளை. உங்கள் மலையில் ஒரு பாட்டி ரவிக்கை அணியாதிருந்தால் அதன் காரணம் வேறாக இருக்கலாம். படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கொடுமையை அழகென்றோ, வழக்கத்தைக் கொடுமையென்றோ தீட்டிவிடாதபடி அந்தப் பாட்டியிடமே கேட்டுத் தெளிந்துகொள்.

முதலில் கரிக்கோட்டால் மட்டும் வரைந்து, ஊர்ப் பெரியவர்களை அழைத்துக் காட்டு. கம்பளி எந்தத் தோளில் கிடந்தது, மழை வந்தால் எப்படி மடித்துத் தலையில் கவிழ்த்தார்கள், சந்தைக்கு இறங்கும் நாளில் எதை உடுத்தினார்கள் என்று கேள். யார் வீட்டுப் பெட்டியிலாவது பழைய சேலை இருக்குமானால், அனுமதி பெற்று அதன் உள்மடிப்பைப் பிரித்துப் பார். வெயில் படாத அவ்விடத்தில் சாயம் மங்காமல் இருக்கும். அதைக் கண்ணால் கண்ட பிறகே வண்ணம் குழை. ஆனிக்குள் கரிக்கோடு முடிந்துவிட்டால், அவர்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்ய உனக்குப் போதிய அவகாசம் இருக்கும்.