விளம்பரத்தை நிறுத்தினால் யாருக்கு லாபம்?

கேள்வி: போட்டி கம்பெனிகள் இரண்டும் விளம்பரத்துக்குக் கோடி கோடியாகக் கொட்டுகின்றன. பேசி வைத்து இருவரும் நிறுத்தினால் இருவருக்கும் மிச்சம்தானே?

பதில்: மிச்சம்தான். ஆனால் எதிராளி நிறுத்தும்போது நான் மட்டும் தொடர்ந்தால் அவன் வாடிக்கையாளர்கள் என் பக்கம். அவன் தொடரும்போது நான் நிறுத்தினால் என் கதி அதோகதி. ஆக, அவன் என்ன செய்தாலும் விளம்பரம் செய்வதே எனக்கு நல்லது. அவனும் இதே கணக்கைத்தான் போடுவான். ஆட்டக் கோட்பாட்டில் இதைக் ‘கைதிகளின் இக்கட்டு’ என்பார்கள்.

அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் இதில்தான் மாட்டியிருந்தன. தொலைக்காட்சி விளம்பரத்தைத் தாங்களாகவே கைவிடத் தயார் என்று 1969-ல் சொன்னார்கள். ஆனால் கூடிப் பேசி நிறுத்தினால் போட்டிச் சட்டம் பாயுமே! அதற்கு விலக்குக் கேட்டார்கள். விலக்குக்குப் பதில் தடையே வந்தது. 1971 ஜனவரி 2 முதல் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட் விளம்பரம் கூடாது. யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை. மீறினால் சட்டம் பார்த்துக்கொள்ளும். விளம்பரச் செலவு இறங்கியது, லாபம் ஏறியது. தண்டனை என்று நினைத்தது வரமாகிவிட்டது!

இன்னொன்றும் நடந்தது. சிகரெட் விளம்பரம் போட்ட நிலையங்கள் புகைக்கு எதிரான விளம்பரங்களையும் இலவசமாக ஒளிபரப்ப வேண்டும் என்று 1967 முதல் விதி இருந்தது. தடைக்குப் பின் அவையும் வெகுவாகக் குறைந்துபோயின.