பழைய ஜீப் வண்டியின் நான்கு சக்கர ஓட்டம்

போடியிலிருந்து மேலேறும் ஏலத்தோட்டப் பாதைகளில் ஜீப் வண்டிகள் இன்றும் ஆளையும் சரக்கையும் ஏற்றிச் செல்கின்றன. சமவெளியிலும் நிலமுடையோர் சிலர் பழைய வண்டியொன்றை விலைக்கு வாங்கிப் பண்ணையில் வைத்திருக்கின்றனர். "நாலு சக்கரமும் இழுக்கும்" என்று சொல்லி விற்கிறவர், எப்போது அவ்வாறு இழுக்க விடலாகாது என்பதைச் சொல்வதில்லை. இதனை அறியாமையால் யந்திர பாகங்கள் முறிவதோடு, சில வேளை மனிதருக்கும் அபாயம் நேர்கிறது. ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று விரிவாய் எழுதத் துணிந்தோம்.

இவ்வண்டிகள் இரண்டாம் உலக யுத்தத்தின்பொருட்டுத் தோன்றியவை. 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லீஸ், போர்டு என்னும் இரு கம்பெனியாரும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தனர். 1947-ல் மஹிந்திரா கம்பெனியார் பம்பாயில் வில்லீஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கினர். நம் பக்கத்தில் காணப்படும் பழைய ஜீப்புகளுட் பெரும்பாலானவை அம்மரபைச் சேர்ந்தவையே.

என்ஜினின் சக்தி கியர் பெட்டியைக் கடந்து, அதன் பின்புறம் பொருத்தியுள்ள டிரான்ஸ்பர் பெட்டி என்னும் வேறொரு பெட்டியை அடைகிறது. அங்கிருந்து ஒரு தண்டு பின் இருசுக்கும், மற்றொரு தண்டு முன் இருசுக்கும் செல்கின்றன. சாதாரணமாய்ப் பின் தண்டு மட்டுமே வண்டியைத் தள்ளும். ஓட்டுகிறவர் சிறு கோலொன்றை நகர்த்தினால் முன் தண்டும் பின் தண்டோடு பிணைக்கப்படும். அதன்பின் இரு தண்டுகளும் ஒரே வேகத்தில்தான் சுற்ற இயலும். மற்ற யாவும் இதிலிருந்து பிறப்பவையாதலால் வாசகர்கள் இதனை நன்கு மனத்தில் கொள்ளவேண்டும்.

மாட்டுவண்டி வளையும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் உருளுகிறது. இரண்டும் இருசில் தனித்தனியே சுழல்வதால் தொல்லையில்லை. இரண்டையும் இருசோடு சேர்த்து இறுக்கிவிட்டால், வளைவில் ஒரு சக்கரம் மண்ணைச் சீய்த்துக்கொண்டே வரும். ஜீப்பில் இடது வலது சக்கரங்களுக்கிடையே இவ்வேற்றுமையைச் சரிக்கட்ட ஒவ்வோர் இருசிலும் டிபரென்ஷியல் உண்டு. ஆனால் முன் இருசுக்கும் பின் இருசுக்கும் இடையே அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம். வில்லீஸ் ஜீப்பில் இரு இருசுகளுக்கும் இடைத்தூரம் 80 அங்குலம். பின் இருசின் நடுப்பாகம் 16 அடி ஆரமுள்ள வட்டத்தில் ஒரு சுற்று வந்தால் சுமார் 100 அடி கடக்கிறது. முன் இருசின் நடுப்பாகமோ சுமார் 109 அடி கடக்கவேண்டியிருக்கிறது. இவ்வித்தியாசம் டயரின் ஒரு முழுச் சுற்றுக்கும் அதிகமாகும். சேற்றிலும் மணலிலும் டயர் சறுக்கி அதனைத் தீர்த்துக்கொள்ளும். தார் ரஸ்தாவில் டயர் எளிதில் சறுக்காதாகையால் தண்டுகளில் முறுக்கேறுகிறது; ஸ்டியரிங் கனக்கிறது; டயர் விரைவில் தேய்கிறது; முடிவில் பலங்குன்றிய பாகம் முறிகிறது. முன்பக்கம் புதிய டயரும் பின்பக்கம் தேய்ந்த டயரும் பூட்டினால், நேர்ப்பாதையிலேயே இதே தீங்கு உண்டாகும்.

முறுக்கேறிய வண்டியில் கோல் விடுபடாது. அதனைச் சுத்தியால் அடித்தவரையும் கண்டிருக்கிறோம். வந்த வழியே பின்னோக்கிச் சில கெஜம் ஓட்டினால் முறுக்கு அவிழ்ந்து, கோல் தானே இளகிக் கொடுக்கும்.

மற்றொரு சிறு கோல் வேகத்தைக் குறைத்து இழுப்பை மிகுவிப்பது. யுத்தகாலத்து வண்டியில் இது வேகத்தை ஏறக்குறையப் பாதியாக்கிற்று. அவ்வளவு இழுப்பையும் பின் இருசு ஒன்றே தாங்காதாகையால், முன் இருசைப் பிணைத்த பின்னரே இக்கோலைப் போடவேண்டும். எடுக்கும்போது இதனை முதலில் எடுக்கவேண்டும். வண்டி நின்ற பின்னரே இதனைத் தொடுதல் நன்று. ஈரமான செங்குத்துச் சரிவில் இறங்குவோர் உச்சியிலேயே இதனையும் முதல் கியரையும் போட்டு, கிளட்ச்சை மிதியாமல் என்ஜினின் பிடிப்பிலேயே இறங்குவாராக. நான்கு சக்கர ஓட்டம் பிரேக்கின் வலிமையைக் கூட்டும் என்று எண்ணி வேகமாய் இறங்குவது பெரும் பிழை.

நான்கு சக்கரமும் இழுக்கும் என்பதும் முழு உண்மையன்று. ஓர் இருசில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்றால், டிபரென்ஷியலின் இயல்பினால் அதன் இணைச்சக்கரத்துக்கும் அற்பமான இழுப்பே கிடைக்கும். முன்னே ஒன்றும் பின்னே ஒன்றும் வழுக்கினால் வண்டி நின்றுவிடும். அப்போது என்ஜினை முடுக்குவது குழியை ஆழமாக்குவதேயாம். சுழலும் சக்கரத்தின் கீழ்க் கல்லோ பனைமட்டையோ சாக்கோ கொடுப்பதே வழி.

இந்த டிபரென்ஷியலே வேறோர் அபாயத்துக்கும் இடமாகிறது. வில்லீஸ் ஜீப்பில் கைபிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பர் பெட்டியின் பின்னேயுள்ள தண்டையே பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கினால், தண்டு நின்றிருந்தும் அச்சக்கரம் ஒரு புறமும் தரையிலுள்ள சக்கரம் மறுபுறமும் சுழலக்கூடும். ஆகவே வண்டி சரிவில் உருண்டுவிடும். ஒரு தோட்டத்தில் இவ்வாறு ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வண்டி உருண்டதை நேரில் கண்டோம். ஸ்பானர் எடுக்க அப்பாற் சென்றிருந்ததால் வேலையாள் தப்பினான். தரையிலுள்ள சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடாமல் ஜாக்கியைத் தொடலாகாது. முன் இருசையும் பிணைத்து வைத்தால் பின்னும் உதவி; அதனை மட்டும் நம்பற்க.

பழைய வண்டி வாங்குவோர் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. சமதரையில் வண்டியை நிறுத்திக் கட்டை கொடுத்து, என்ஜினை அணைத்து, முதல் கியரைப் போட்டு, முன் இருசைப் பிணைத்து, ஒரு முன்சக்கரத்தைத் தூக்குக. அதனைக் கையால் சுழற்றினால் சிறிது ஆடுமேயன்றிச் சுற்றலாகாது. பிணைப்பை எடுத்ததும் தாராளமாய்ச் சுற்றவேண்டும். இரு நிலையிலும் சுற்றினால், உள்ளே ஏதோ முறிந்திருக்கலாம். முன் தண்டையே கழற்றியிருக்கவும் கூடும். ஆனால் சக்கரக் குடத்தில் திருகிப் பூட்டும் மூடி உளதா என்று முதலில் பார்க்க. 1948 முதல் அமெரிக்காவில் வார்ன் கம்பெனியார் விற்றுவந்த இவ்வகைக் குடம் திறந்திருந்தால், நல்ல வண்டியிலும் முன்சக்கரம் தனியே சுற்றும். குடத்தைப் பூட்டி மறுபடியும் சோதித்த பின்னரே விலை பேசுக.